தியேரிலிருந்து லாயோல் வரை: மடக்குக் கத்திக்காரர்களைத் தேடி

வியாழன், கிளெர்மோன்-ஃபெரான்

பாரிஸ் பெர்சி ஸ்டேஷனில் ரயில் ஏறி, மூன்றரை மணி நேரத்தில் இங்கே வந்து இறங்கியாயிற்று. நண்பர் ஒருவர் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறார், பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், லீவு போட்டுவிட்டு என்னோடு சுற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளை கத்தித் தொழிலுக்குப் பேர்போன தியேர் என்ற ஊர். வார இறுதியில் அங்கே கூத்தேலியா என்ற கத்தித் திருவிழா. அப்புறம் காரில் தெற்கே, தன் பெயரிலேயே ஒரு கத்தியைக் கொண்ட லாயோல் ஊருக்கு.

எல்லாம் மடக்குக் கத்திக்காகத்தான். நம் ஊரில் பேனாக்கத்தி என்கிறோமே அதேதான், ஆனால் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்து, தன் பெயரை அலகில் பொறித்துக் கொடுப்பது. உனக்குப் பிடித்த கத்திக்காரர்கள் யார் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கர்களில் கேட்டால் யோசிக்காமல் மூன்று பேரைச் சொல்வேன். இண்டியானாவில் வேலை செய்த டோனி போஸ், பழைய காலத்துப் பாக்கெட் கத்திகளை அவர் அளவுக்குச் சுத்தமாகச் செய்தவர் குறைவு. பிடியின் உலோகச் சட்டத்துக்குள்ளேயே கொம்பையோ மரத்தையோ பதித்துச் செய்யும் முறைக்குப் பேர்போனவர் ரான் லேக். லைனர் லாக் எனப்படும் பூட்டை, அதாவது திறந்த அலகு மடங்காமல் பிடிக்குள் இருக்கும் தகடு தடுத்து நிறுத்தும் பூட்டை, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர், இப்போது கடையில் வாங்கும் ஏராளமான மடக்குக் கத்திகளில் இருப்பது அந்தப் பூட்டுதான்.

மூவரும் மூன்று விதமான வேலைக்காரர்கள். ஆனால் நான் அவர்களிடம் பார்ப்பது ஒன்றே ஒன்றை: மூட்டு. அலகும், பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கும் சேரும் அந்த இடம். அலகில் சித்திரம் தெரியும் டமாஸ்கஸ் உருக்கு, அழிந்துபோன மாமூத் யானையின் தந்தம், பொன் வேலைப்பாடு எல்லாம் காசு கொடுத்தால் வாங்கிப் பொருத்திவிடலாம். மூட்டைக் காசு கொடுத்து வாங்க முடியாது, அதைக் கைதான் செய்ய வேண்டும். பூட்டில்லாத கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் முதுகில் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள், மூடியிருக்கும்போது, பாதி திறந்திருக்கும்போது, முழுதும் திறந்திருக்கும்போது. மூன்று நிலையிலும் ஸ்பிரிங் பக்கத் தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நகம் எங்கேயும் தட்டக் கூடாது. பிறகு திறந்த கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அலகின் அடிப்பகுதிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். கசியக் கூடாது. இந்த ஊர்களுக்கு வந்திருப்பது அந்த மூட்டு எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான்.

வெள்ளி, தியேர்

கிளெர்மோனிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஊர் ஒரு செங்குத்தான மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது, மேலே ஏறினால் எதிரே லிமாஞ் சமவெளி, அதற்கு அப்பால் எரிமலைக் குன்றுகளின் வரிசை. தெருக்கள் எல்லாம் படிகள்தான், முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து வரவும்.

கத்தி செய்யும் தொழில் இங்கே அறுநூறு ஆண்டுகளாக இருக்கிறது. பிரான்சில் தயாராகும் கத்திகளில் பெரும்பகுதி இன்றும் இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும்தான் செய்யப்படுகிறது. விசித்திரம் என்னவென்றால் இங்கே இரும்பு கிடையாது, அது வெளியிலிருந்துதான் வர வேண்டும். இருந்தது ஓர் ஆறு மட்டும். துரோல் என்று பெயர், பெரிய ஆறுகூட இல்லை, ஆனால் ஊருக்குள் நுழையும்போது தடதடவென்று கீழே விழுகிறது. அந்த வேகத்தில் சக்கரம் சுழன்றது, சக்கரம் சாணைக்கல்லைச் சுழற்றியது, உலையில் சம்மட்டியைத் தூக்கிப் போட்டது. ஊர் பிழைத்தது.

கத்தித் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது, அதில்தான் கத்தி அருங்காட்சியகம். அலமாரி அலமாரியாகக் கத்திகள் இருக்கின்றன, ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது சாணை பிடிப்பவர்களின் பகுதி. நம் தெருக்களில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மிதித்துக்கொண்டே சாணை பிடிப்பார்கள். இங்கே அவர்கள் படுத்துக்கொண்டு பிடித்தார்கள்! சுழலும் கல்லுக்கு மேலே ஒரு பலகை, அதில் குப்புறப் படுத்து, கைகளைக் கீழே நீட்டி அலகைக் கல்லில் அழுத்த வேண்டும். உடம்பின் எடை முழுவதும் கைக்கு வரும், முதுகு ஒடியாது என்பது கணக்கு. கீழே ஓடும் தண்ணீரின் ஈரத்திலும் மலைக் குளிரிலும் மணிக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டுமே, அதனால் கால்மேல் ஒரு நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள், சூட்டுக்கு. பழைய புகைப்படங்களில் வரிசையாகப் பலகைகள், வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவர் கால்மேலும் ஒரு நாய். கல்லிலிருந்து தெறிக்கும் சேறு வயிற்றில் படிந்து மஞ்சளாகிவிடுவதால் ஊரார் அவர்களை மஞ்சள் வயிறர்கள் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். 1970கள் வரைக்கும் ஒரு சிலர் இப்படி வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் அங்கே புரிந்தது. தியேரில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்வது வழக்கமே இல்லை. உலைக்காரர் அடித்துக் கொடுப்பார், அது சாணைக்காரரிடம் போகும், பிறகு மெருகு போடுபவர், பிடிக்குக் கொம்பு அறுப்பவர் வேறு, கடைசியில் எல்லாத் துண்டுகளும் வந்து சேருவது பொருத்துபவரிடம். வீட்டு ஜன்னலோரம் ஒரு மேசை, சின்னப் பட்டடை, சுத்தியல், அரம், அவ்வளவுதான் அவருடைய பட்டறை. மூட்டு சரியாக இருப்பதும் கெடுவதும் அவர் கையில். ஆனால் கத்தியில் அவர் பெயர் இருக்காது, வியாபாரியின் முத்திரைதான் இருக்கும். அத்தனை தலைமுறைப் பொருத்துபவர்களில் ஒருவர் பெயரும் இன்று நமக்குத் தெரியாது. இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

சனி, தியேர், கூத்தேலியா

காலை பத்து மணிக்கே கூட்டம். பல நாடுகளிலிருந்து கத்திக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் மேசையில் நூறு கத்தி, சிலர் மேசையில் நாலே நாலு. நாலு கத்தி வைத்திருப்பவர்களிடம்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

இங்கே ஒரு மரியாதை உண்டு: மேசையிலிருக்கும் கத்தியை எடுக்குமுன் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அலகில் விரல் படக் கூடாது, கைரேகை பட்டால் கார்பன் உருக்கு துருப்பிடிக்கும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்டுவிட்டு, அலகை விட்டுவிட்டு, முதுகில் விரலை ஓட்டினால் உடனே அவர்கள் முகம் மாறுகிறது. ஓ, இவனுக்குத் தெரியும் என்று எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் பாதி செய்த கத்தி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் உள்பக்கம் முழுவதையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருந்தார். ஏன் என்று கேட்டோம், அழுக்கு ஒட்டாது, அலகு உரசாது, அப்புறம் எனக்குத் தெரியுமே என்றார்.

பிரெஞ்சுக்காரர்களில் எனக்குப் பிடித்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். டமாஸ்கஸ் உருக்கு என்றால் ஆன்றி வியாலோன். வெவ்வேறு உருக்குகளை அடுக்கி உலையில் ஒட்ட அடித்து, அந்தக் கட்டியை வெட்டித் திருப்பி மறுபடி அடித்து, அலகிலேயே சித்திரம் வரவைக்கும் வேலையை பிரான்சில் வளர்த்தவர்களில் முக்கியமானவர், தியேர்க்காரர். அவர் கத்திகளின் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஊர்மேலேயே ஆசை வந்தது. அடுத்து ரொபேர் பெய்யோனே. பிரான்சில் ஒவ்வொரு தொழிலிலும் தலைசிறந்த கைவினைஞருக்கு அரசு அங்கீகாரத்தோடு ஒரு பட்டம் உண்டு, கடுமையான போட்டி வைத்துத் தருவார்கள், பட்டம் வாங்கியவர் நீலம்-வெள்ளை-சிவப்புக் கழுத்துப்பட்டை அணியலாம். கத்தித் தொழிலில் அதை வாங்கியவர் இவர். ஆடம்பரம் இல்லாத வேலை, கோடுகள் அத்தனையும் ஓரிடத்தில் போய்ச் சேரும்.

தனி ஆட்கள் மட்டும் இல்லை, சின்ன நிறுவனங்களில் பெர்ஸெவாலின் கத்திகள் எனக்கு எப்போதும் பிடிக்கும், மெலிந்த பிடி, சாப்பாட்டு மேசைக்கென்றே செய்த மெல்லிய அலகு. ஃபோந்தனீய் பத்தோவில் ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் செதுக்கும் வேலை நன்றாக இருக்கும். நோந்த்ரோன் ஊர்க் கத்திகளுக்கும் ஒரு மேசை இருந்தது, மஞ்சள் நிற பாக்ஸ்வுட் மரப் பிடி, அதில் சூட்டுக்கோலால் போட்ட கறுப்புக் குறிகள், கழுத்தில் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வளையம். எளிமையான கத்தி, ஸ்பிரிங்கே கிடையாது. நான் தேடும் மூட்டு அதில் இல்லை, ஆனாலும் ஒன்று வாங்கிவிட்டேன், அவ்வளவு அழகு.

ஞாயிறு, தியேர்

இன்று கத்தி பொருத்தினேன்! இங்கே சில பட்டறைகளில் வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘லெ தியேர்’ கத்தி ஒன்றைப் பொருத்தச் சொல்லித்தருகிறார்கள். அந்தக் கத்தியின் கதை நல்ல கதை. நூற்றாண்டுக் கணக்கில் தியேர் மற்ற ஊர்ப் பெயர்களில் விற்கும் கத்திகளையே செய்துகொண்டிருந்தது, தன் பெயரில் ஒரு கத்தி இல்லை. 1990களின் தொடக்கத்தில் கத்திக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, பிடியும் அலகும் ஒரே ஓட்டத்தில் வளையும் ஒரு வடிவத்தை வரைந்து, 1994இல் வெளியிட்டார்கள். இந்த வட்டாரத்தில் செய்பவர்கள் மட்டுமே, சங்கத்தின் விதிப்படி மட்டுமே அதைச் செய்யலாம். வடிவம் பொது, ஆனால் ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெயரில்லாத பொருத்துபவர்களின் ஊரில் இது பெரிய விஷயம்.

எனக்குச் சொல்லித்தந்தவர் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். இரண்டு பக்கத் தகடு, நடுவில் ஸ்பிரிங், அலகு, ஜூனிப்பர் மரத்தில் பிடித் துண்டுகள், சில பித்தளை ஆணிகள், இவ்வளவுதான் மேசையில் இருந்தது. ஆணியைத் துளையில் விட்டு, வெளியே நீட்டியிருக்கும் மிச்சத்தை வெட்டி, சின்னச் சுத்தியலால் தலையை மெல்ல மெல்லத் தட்டி விரிக்க வேண்டும். அலகு சுழலும் ஆணியில்தான் விஷயம். ஒரு தட்டு குறைந்தால் அலகு ஆடும், ஒரு தட்டு கூடினால் இறுகிப்போய் நகத்தால் திறக்க வராது. இரண்டு தட்டு, திறந்து மூடு, ஒரு துளி எண்ணெய், மறுபடி ஒரு தட்டு. அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை, காதருகே வைத்துத் திறந்து மூடிக் கேட்கிறார்.

எல்லாம் முடிந்து மூடிப் பார்த்தால் அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்காமல் இடது பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. அவர் வாங்கி, அலகைப் பட்டடையின் ஓரத்தில் வைத்து, ஒரே ஒரு அடி. அடித்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மூடினார், நட்டநடுவில் நின்றது. எங்கே அடிக்க வேண்டும், எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று நண்பர் கேட்டதற்கு, பதினைந்து வயதிலிருந்து அடிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நேற்று பார்த்த பல ஆயிரம் யூரோ கத்திகளில் எத்தனையோ எனக்கு மறந்துபோகும், இந்த அடி மறக்காது.

மாலையில் ஆற்றோரமாக நடந்தோம். பழைய தொழிற்சாலைகள் தண்ணீருக்கு மேலே கறுத்துப்போய் நிற்கின்றன, நரகக் குழி என்ற பெயருள்ள ஒன்று இப்போது நவீனக் கலைக்கூடம். சாப்பாடு உருளைக்கிழங்கும் சீஸும், சைவர்கள் இந்தப் பக்கம் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

திங்கள், லாயோல் போகும் வழி

காரில் தெற்கே. ஏ75 சாலையில் போகும்போது ஈஃபிலின் கராபி ரயில் பாலம் தெரிகிறது, செந்நிற இரும்பு வளைவு, 1884இல் கட்டி முடித்தது. வண்டியை நிறுத்திப் பார்க்கத் தக்கது. அப்புறம் ஓமோன்-ஓப்ராக்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஓப்ராக் மேட்டுநிலம். மரமே இல்லை. புல், கல் சுவர், மறுபடி புல். கண்ணைச் சுற்றி மை தீட்டினதுபோல் கறுத்த, பழுப்பு நிறப் பசுக்கள். மே மாதக் கடைசியில் பசுக்களுக்குப் பூக்களும் மணிகளும் கட்டி மேல் புல்வெளிக்கு ஓட்டிப்போகும் திருவிழா வருகிறது என்றார்கள், நாங்கள் சில நாள் முந்திவிட்டோம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் லாயோல். சந்தைத் திடலில் வெண்கலக் காளை, சுற்றிலும் கத்திக் கடைகள். இரவு அலிகோ சாப்பிட்டோம், மசித்த உருளைக்கிழங்கில் புதுச் சீஸைப் போட்டுக் கிண்டி, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழத்துக்கு இழை இழையாக நீளும். எனக்கு இரண்டாம் தடவையும் வைத்தார்கள், மறுக்கவில்லை.

செவ்வாய், லாயோல்

லாயோல் கத்தி 1829இல் பியேர்-ழான் கல்மெல் என்பவர் பட்டறையில் பிறந்தது என்பது வரலாறு. மெலிந்து வளைந்த பிடி, நீண்ட அலகு. மேய்ப்பர்களின் கத்தி. பிறகு பக்கவாட்டில் ஒரு ஊசி சேர்ந்தது, வயிறு உப்பிப்போன மாட்டின் வயிற்றில் குத்திக் காற்றை வெளியேற்ற. ஓப்ராக்காரர்கள் பாரிஸுக்குப் பிழைக்கப்போய் ஓட்டல் வேலையில் இறங்கியதும் 1880 வாக்கில் கார்க் திருகியும் சேர்ந்துகொண்டது. ஒரு வட்டாரத்தின் பிழைப்பு முழுவதும் ஒரு பிடிக்குள் மடங்கியிருக்கிறது.

ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு தேனீ இருக்கும். ஊர் வீரத்துக்காக நெப்போலியன் கொடுத்த சின்னம் என்று கடைக்குக் கடை சொல்கிறார்கள். அவர் 1821இலேயே இறந்துவிட்டார், கத்தியே அதற்குப் பிறகுதான். தேனீ வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிடியில் சின்ன ஆணிகளால் ஒரு சிலுவை இருக்கும், மேய்ப்பர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி ஜெபித்தார்கள் என்று அதற்கும் ஒரு கதை. இந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று மனது விரும்புகிறது.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லாயோல் என்ற பெயருக்கு நெடுங்காலம் பாதுகாப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த நாட்டில் வேண்டுமானாலும் செய்து அந்தப் பெயரைப் போட்டு விற்க முடிந்தது. வெளியாள் ஒருவர் 1993இல் பெயரை வர்த்தகக் குறியாகவே பதிவுசெய்துவிட்டார், வழக்குமேல் வழக்கு. 2012இல் ஊரார் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாங்களே கழற்றிப் போராட்டம் நடத்தினார்கள். சொந்தப் பெயரை இழந்தவர்களின் கோபம் அது. ஆகவே பத்து, பதினைந்து யூரோவுக்கு லாயோல் என்று கிடைத்தால் அது இங்கே செய்ததல்ல.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊரிலேயே கத்தி வேலை கிட்டத்தட்ட அழிந்துபோய், எல்லாம் தியேரில்தான் நடந்தது. 1980களில்தான் ஊருக்குத் திரும்பியது. 1987இல் தொடங்கிய ஃபோர்ஜ் த லாயோல் என்ற கத்தித் தொழிற்சாலையின் கட்டடத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க், கூரையிலிருந்து 18 மீட்டர் உயரத்துக்கு ஒரு கத்தி அலகு வானத்தைப் பார்த்து நிற்கிறது, புல்வெளியில் தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே போய்ப் பார்க்கலாம். தியேருக்கு நேர் எதிரான முறை: பொருத்துவது, செதுக்குவது, மெருகு போடுவது எல்லாம் ஒரே ஆள், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் போடும் கோலம் ஆளுக்கு ஆள் வேறு, அதைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லிவிடுகிறார்கள்.

மதியம் ஊருக்குள் ஒரு சின்னப் பட்டறை. உரிமையாளர் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அவர் மேசையில் ஒரு கத்தியை எடுத்து, பழக்கத்தில் அலகிலிருந்து விரலை எடுத்துவிட்டு டப்பென்று மூடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்கக் கத்திகளில் மூடும் சத்தம் கணீரென்று இருந்தால்தான் ரசிகர்கள் கொண்டாடுவார்கள். லாயோலில் அப்படி மூடக் கூடாது, அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல் விழும். கடைசி வரை விரலால் கூடவே கொண்டுபோய் விட வேண்டும். அவர் மூடிக் காட்டினார், சத்தமே இல்லை. பிறகு தேனீயைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். ஸ்பிரிங்கும் தேனீயும் ஒரே உருக்குத் துண்டு, ஒட்டவைத்த கோடு இல்லை. இறக்கையின் நரம்புகள்கூட அரத்தால் இழுத்தவை. முதுகில் விரலை ஓட்டினேன், மூன்று நிலையிலும். நகம் எங்கேயும் நிற்கவில்லை.

அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டேன். அலகு கார்பன் உருக்கு. எலுமிச்சை வெட்டினால் கறுக்கும், தெரிந்துதான் கேட்டேன், கூர் பிடிப்பது சுலபம், வயதும் அழகாக ஏறும். பிடிக்கு ஓப்ராக் மாட்டின் கொம்பு நுனி. கொம்பின் நடுப்பகுதி உள்ளே வெறும் கூடு, வெயிலில் வளையக்கூடும், நுனி கெட்டி, வளையாது, விலையும் அதற்கேற்ப. கார்க் திருகி வேண்டாம். முதுகில் என்ன கோலம் போடுவது என்று கேட்டார், அது உங்கள் இஷ்டம், ஆனால் உங்கள் பெயர் அலகில் இருக்க வேண்டும் என்றேன். சில மாதம் ஆகுமாம், தபாலில் அனுப்புவார். முன்பணத்தோடு தனியாக ஒரு நாணயமும் கேட்டு வாங்கிக்கொண்டார், கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை, விலை கொடுத்து வாங்கினாலும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

நாளை கிளெர்மோன், அங்கிருந்து பாரிஸ். நோந்த்ரோனும் நான் பொருத்திய தியேரும் செக்-இன் பெட்டியில் போகின்றன. நீங்கள் வந்தாலும் அப்படியே செய்யுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.